வீட்டிலேயே சாலட் காய்கறிகள்: மண்ணிலும் நீரிலும் வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில், மொட்டை மாடியிலோ பால்கனியிலோ சாலட்டுக்கான காய்களையும் இலைகளையும் வளர்க்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் வசிப்போருக்குப் பருவக் கணக்கு மாறும். மற்றவை பெரும்பாலும் பொருந்தும். சமைத்து உண்ணும் காய்க்கும் பச்சையாக உண்ணும் காய்க்கும் வளர்ப்பில் சில முக்கியமான வேறுபாடுகள் உண்டு என்பதை மனத்தில் கொண்டே இவை எழுதப்பட்டுள்ளன.

நம் ஊர் வெயிலில் சாலட் காய்கறிகள் வளருமா? எதில் தொடங்குவது நல்லது?

தாராளமாக வளரும். ஆனால் சாலட் என்றதும் லெட்யூஸ் இலையை மட்டும் நினைத்துக்கொண்டு சித்திரை மாதத்தில் விதை போடுபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். வெயிலைத் தாங்கும் செடிகளிலிருந்து தொடங்குவதே முறை. வெள்ளரி, முள்ளங்கி, சிறு தக்காளி, வெங்காயத்தாள், கொத்தமல்லி, புதினா ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். ராக்கெட் கீரையும் எளிதுதான். விதைத்த 30 முதல் 40 நாட்களில் பறிக்கலாம்.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள கீரைகளையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். களையென்று பிடுங்கி எறியப்படும் பருப்புக்கீரையின் இளந்தளிர் லேசான புளிப்போடு மொறுமொறுப்பாக இருக்கும். வெள்ளரித் துண்டுகளோடு அது நன்றாகச் சேரும். கொடிப்பசலையின் இளம் இலைகள் கோடை முழுவதும் கிடைக்கும். வல்லாரையைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், எலுமிச்சையுடன் சேர்த்துப் பச்சையாகச் சம்பல் செய்து உண்ணும் வழக்கம் இலங்கையில் தமிழர் வீடுகளிலும் சிங்களவர் வீடுகளிலும் அன்றாடம் உள்ளது. நம் வீடுகளில் ராமநவமிக்குச் செய்யும், ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் சேர்ந்த கோசுமல்லியும் சாலட்தான். இந்தச் செடிகளுக்கு நிழல்வலையோ விலையுயர்ந்த விதையோ தேவையில்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் பருப்புக்கீரை, பசலை வகைகளில் ஆக்சலேட் மிகுதி என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்ணலாம்.

லெட்யூஸ் விதை முளைக்கவே இல்லை. விதை பழுதா?

பெரும்பாலும் விதையில் குறை இருக்காது. லெட்யூஸ் விதை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக முளைக்கும். ஏறக்குறைய 28 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களின் விதைகள் ஈரம் பட்டாலும் உறங்கத் தொடங்கிவிடும். சென்னையிலும் மதுரையிலும் கோடைப் பகலில் வெப்பம் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும், இரவிலும் பெரிதாக இறங்காது என்பதால், மாடியில் வைத்த தட்டில் ஒன்றும் வெளிவராததில் வியப்பில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, அதில் விதைகளைப் பரப்பி மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாட்கள் வைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில் விதைத்தட்டில் தூவ வேண்டும். சில ரகங்கள் முளைக்க வெளிச்சம் தேவை. எனவே விதையை ஆழப் புதைக்காமல், மேலே மெல்லிய தூவலாகத் தேங்காய்நார்த் துகள் மட்டும் போட்டால் போதும்.

சமவெளியில் லெட்யூஸுக்கு உரிய காலம் ஐப்பசி முதல் மாசி வரைதான். அதிலும் சென்னை போன்ற கடலோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழையின் கனத்த துளிகள் நாற்றைத் தரையோடு தரையாக அடித்துவிடும். நாற்றங்காலைக் கூரைக்கு அடியில் வைத்து, நான்கைந்து இலை வந்தபின் மழையின் வேகம் குறைந்த நாளாகப் பார்த்து நடுவது பாதுகாப்பு.

லெட்யூஸ் இலை ஏன் கசக்கிறது? செடி ஏன் உயரமாகத் தண்டு விடுகிறது?

வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் செடி இலை விடுவதை நிறுத்திப் பூக்க ஆயத்தமாகிறது. அப்போது தண்டு நீளும், இலையில் கசப்பான பால் கூடும். பூத்தண்டு கிளம்பிய செடியை மீண்டும் இனிப்பாக்க முடியாது; அதை விதைக்கு விட்டுவிடலாம். இறுகிய உருண்டையாக வளரும் ஐஸ்பெர்க் வகை நம் சமவெளிக்கு ஏற்றதன்று. தளர்ந்த இலை வகைகளும் நிமிர்ந்து வளரும் ரோமெய்ன் வகைகளுமே இங்கு கைகொடுக்கும். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்கத் தோட்டங்களில் இருந்துவரும் ‘பிளாக் சீடட் சிம்ப்சன்’, இஸ்ரேலின் வெப்பத்துக்காக உருவாக்கப்பட்ட ரோமெய்ன் வகையான ‘ஜெரிகோ’ ஆகிய இரண்டும் வெயிலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 50 விழுக்காடு நிழல்வலையின் கீழ் வைத்தால் இன்னும் சில வாரங்கள் கூடுதலாக இலை கிடைக்கும்.

மண்கலவை எப்படி இருக்க வேண்டும்? மாடி இந்தப் பாரத்தைத் தாங்குமா?

செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் என மூன்றையும் சம அளவில் கலப்பது பழைய முறை. மாடிக்கு அது கனம். தேங்காய்நார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு என்று மாற்றினால் எடை கணிசமாகக் குறையும், ஈரமும் நிற்கும். கட்டியாக விற்கப்படும் தேங்காய்நார்க் கழிவில் உப்பு இருக்கக்கூடும். தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். இதைச் செய்யாததால் இலை ஓரம் கருகிய நாற்றுகளுக்குப் பலர் உரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பாரத்தைப் பற்றிய கேள்வி மிக முக்கியமானது. இந்தியத் தர நிர்ணயப்படி, ஆட்கள் ஏறிப் புழங்கும் சமதளக் கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ என்ற கணக்கில் பாரம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. புழக்கமில்லாத கூரைக்கு அதில் பாதிதான். நனைந்த மண்கலவை நிரம்பிய பெரிய பைகளை நெருக்கி அடுக்கினாலோ, 200 லிட்டர் நீர்த்தொட்டியை மாடியின் நடுவில் வைத்தாலோ அந்த அளவு விரைவில் எட்டப்பட்டுவிடும். பாரமானவற்றைச் சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வைத்து, பைகளைச் செங்கல்மீதோ தாங்கிமீதோ உயர்த்தி, தண்ணீர் தேங்காமல் வடிகாலுக்கு ஓடச் செய்ய வேண்டும். பழைய கட்டடமாக இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவதே சரி.

வெள்ளரிக் கொடி நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

வெள்ளரியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியாக வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்வது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. பெண்பூவின் அடியில் விரற்கடை அளவில், மெல்லிய முள்மயிர் போர்த்த குட்டி வெள்ளரி ஒன்று இருக்கும். அந்தப் பூ ஒரு காலைப்பொழுதுதான் நன்றாக விரிந்திருக்கும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். நான்காவது ஐந்தாவது மாடிகளில் தேனீ வரத்து குறைவு என்பதால் இந்தக் குறை அங்கு மிகுதி.

காலை எட்டு மணிக்குள் அன்று மலர்ந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு பறித்து, மஞ்சள் இதழ்களை மெதுவாக உரித்துவிட்டால் நடுவில் மகரந்தத் தூள் படிந்த சிறு முனை மிஞ்சும். அதைப் பெண்பூவின் உள்ளே மூன்று மடலாகப் பிரிந்திருக்கும் சூலகமுடியின்மீது, ஒவ்வொரு மடலிலும் படும்படி இலேசாகத் தடவ வேண்டும். ஓர் ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். ஒரு மடலில் மட்டும் மகரந்தம் பட்டால் காய் ஒருபக்கம் பருத்து வளைந்து வரும். தடவியது பலித்திருந்தால் இரண்டு மூன்று நாட்களில் பிஞ்சின் பசுமை கூடிக் காம்பு தடிப்பது கண்ணுக்கே தெரியும்.

மகரந்தச் சேர்க்கையே தேவைப்படாத வெள்ளரி ரகங்களும் கிடைக்கின்றன. வலைக்கூடாரத்துக்குள்ளும் பால்கனியிலும் வளர்ப்போருக்கு அவை வசதியானவை. ஆனால் அவற்றிலிருந்து விதை எடுத்துத் தொடர முடியாது.

வெள்ளரி கசப்பதற்கு என்ன காரணம்?

தண்ணீர் ஒருநாள் மிகுந்து மறுநாள் வற்றுவதும், கடும் வெப்பமும் கொடியை வருத்தும்போது குகர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் காயில் சேர்கிறது. காம்புப் பக்கத்தில் அது அதிகம். மண்மீது வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போட்டு, காலை மாலை இரு வேளையும் சீராக நீர் விட்டால் பெரும்பாலும் தீரும். கடுமையாகக் கசக்கும் காயை உண்ணவே கூடாது, வயிற்றைக் கெடுக்கும்.

தக்காளி பூத்து உதிர்கிறது. காய்த்தவையும் அடியில் கறுத்து அழுகுகின்றன. ஏன்?

இரண்டும் வேறுவேறு காரணங்களால் வருபவை. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். இதற்கு மருந்தில்லை, பருவத்தை மாற்றுவதுதான் வழி. ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டால் மார்கழி, தையில் இரவுகள் குளிரும்போது பூ பிடிக்கும். நல்ல பருவத்திலும் காய் பிடிக்காவிட்டால், பூங்கொத்தின் காம்பைக் காலையில் விரலால் மெல்லச் சுண்டிவிடலாம். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. அதற்கு அந்த அதிர்வே போதும்.

அடிப்பகுதி கறுப்பது நோயன்று. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் அந்தச் சத்து இருந்தும், நீர் ஒழுங்காகக் கிடைக்காததால் அது காயின் நுனிவரை எட்டாமல் போகிறது. எனவே முட்டை ஓட்டுத் தூளைத் தேடி ஓடுவதற்கு முன், நீர் விடும் ஒழுங்கைச் சரிசெய்ய வேண்டும்.

நாட்டு விதை, பாரம்பரிய ரகம், ஹெயர்லூம், ஹைபிரிட் என்று பலவாறு சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

இரண்டு தனித்தனித் தாய் தந்தை வரிசைகளைக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதையே ஹைபிரிட். அந்தத் தலைமுறை ஒரே சீராக, நல்ல விளைச்சலோடு வரும். அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை பலவிதமாகச் சிதறிவிடும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த ‘அர்கா ரக்‌ஷக்’ தக்காளி ஹைபிரிட்டுக்கு எடுத்துக்காட்டு. இலைச்சுருட்டல் வைரஸ் உள்ளிட்ட மூன்று நோய்களை எதிர்த்து நிற்பது அதன் சிறப்பு.

திறந்த மகரந்தச் சேர்க்கை ரகங்களில் தாயைப் போலவே பிள்ளை வரும்; விதை எடுத்துத் தலைமுறை தலைமுறையாகத் தொடரலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த ‘பி.கே.எம். 1’ தக்காளி அப்படிப்பட்டது. அது ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது என்றாலும், அதற்கு மூலமாக இருந்தது அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளிதான். குடும்பங்களும் ஊர்களும் நெடுங்காலமாகக் கைமாற்றிக் காத்துவந்த திறந்த மகரந்த ரகங்களையே ஹெயர்லூம் என்றும் பாரம்பரிய ரகம் என்றும் அழைக்கிறோம். நம் வரிவரியான புளித்த நாட்டுத் தக்காளி இவ்வகையைச் சேர்ந்தது.

ஹைபிரிட்டை வெறுக்க வேண்டியதில்லை. இலைச்சுருட்டல் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயின் தொல்லையால் இரண்டு பருவம் தொடர்ந்து தக்காளி தோற்ற மாடியில், நோய் தாங்கும் ஹைபிரிட் செடி ஒன்று வீட்டாரின் ஊக்கத்தைக் காப்பாற்றும். ஆனால் தோட்டம் முழுவதும் அதுவே ஆகிவிட்டால் ஆண்டுதோறும் விதைக்குக் கடையையே நம்பியிருக்க நேரும். என் கருத்தில், ஒவ்வொரு வீட்டுத் தோட்டமும் குறைந்தது ஒரு பாரம்பரிய ரகத்தையாவது விதையிலிருந்து விதைவரை தன் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு ஹெயர்லூம் தக்காளிகள் இங்கே காய்க்குமா?

காய்க்கும், ஆனால் பொறுமை வேண்டும். ‘பிராண்டிவைன்’ போன்ற பெரும்பழ ரகங்கள் நட்டதிலிருந்து பழுக்க மூன்று மாதம்வரை எடுத்துக்கொள்ளும். நமக்குக் கிடைக்கும் குளிர்காலமோ அதைவிடச் சற்றே நீளமானது; எனவே நாற்றுவிடுவதில் இரண்டு வாரம் தாமதித்தாலும் பழம் கோடையில் சிக்கிக்கொள்ளும். சிறுபழ ரகங்கள் வெப்பத்தில் எளிதாகக் காய் பிடிக்கும்.

இந்த ரகங்களின் வரலாற்றை அறிந்து வளர்ப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் ‘செரோக்கி பர்ப்பிள்’ என்ற ஊதாநிறத் தக்காளி, 1990-இல் டென்னசி மாநிலத்திலிருந்து கிரெய்க் லெஹூலியர் என்ற தோட்டக்காரருக்கு அஞ்சலில் வந்த பெயரில்லாத விதைதான். அதற்குப் பெயர் வைத்தவரும் அவரே. அமெரிக்காவில் 1975-இல் டயான் ஓட் வீலியும் கென்ட் வீலியும் தொடங்கிய விதைப் பரிமாற்ற அமைப்பு, இவ்வாறு வீடுகளில் இருந்த ஆயிரக்கணக்கான ரகங்களை அழியாமல் காத்தது. நம் மண்ணில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லுக்கு அதையே செய்தார். அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் பெற்றுச்செல்லும் உழவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பது வழக்கம். நாட்டுக் காய்கறிக்கும் அப்படிப்பட்ட கைகள் ஊருக்கு ஊர் தேவைப்படுகின்றன.

இணையத்தில் நீலத் தக்காளி, வானவில் வெள்ளரி என்று படம் போட்டு விற்கும் விதைகளை வாங்க வேண்டாம்.

விதையை வீட்டிலேயே எடுப்பது எப்படி?

தக்காளியில் தொடங்குங்கள். நோயில்லாத, அந்த ரகத்துக்கே உரிய உருவமும் சுவையும் கொண்ட செடியைப் பூக்கும்போதே கண்டுவைத்து, அதில் நன்றாகக் கனிந்த பழத்தைச் செடியிலேயே விட்டுப் பறிக்க வேண்டும். அதை வெட்டி, விதையைக் கொழகொழப்போடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிழிந்து, சிறிது தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். நம் வெப்பத்தில் மறுநாளே நுரை கிளம்பும். இரண்டாம் நாள் மேலே வெண்மையான ஆடை படர்ந்து, புளித்த வாடை அடிக்கும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறை கரைந்து, நல்ல விதைகள் அடியில் போய் உட்கார்ந்திருக்கும். மேலே மிதப்பவற்றைக் கொட்டிவிட்டு, வடிகட்டியில் போட்டுக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினால் விதை மென்பட்டுபோல் சாம்பல் நிறமாகத் தெரியும். இதற்குமேல் ஊறவிட்டால் கிண்ணத்திலேயே முளைவிட்டுவிடும். தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவைப்பது நல்லது.

வெள்ளரியில் விதைக்கு விட்ட காய் பறிக்கும் பருவத்தைத் தாண்டிப் பருத்து, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும்வரை கொடியில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் வேறு வெள்ளரி ரகம் இருந்தால் தேனீ வழியாகக் கலப்பு வரும். அதைத் தடுக்க, மறுநாள் மலரப்போகும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் முந்தைய மாலையே நூலால் இதழ்முனையில் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்துக் கையால் சேர்த்து, மீண்டும் பெண்பூவை மூடிக்கட்ட வேண்டும். முற்றிப் பழுத்ததும் மாவாக வெடிக்கும் வெள்ளரிப்பழம் முலாம்பழ இனத்தைச் சேர்ந்தது. அது சாலட் வெள்ளரியோடு கலக்காது, அச்சம் வேண்டாம்.

லெட்யூஸ் தானே சூல்கொள்வதால் கலப்பு அரிது. முள்ளங்கி அப்படியன்று, ஒற்றைச் செடி விதை தராது, பல செடிகள் சேர்ந்து பூக்க வேண்டும்.

காய்ந்த விதையைச் சாம்பல் கலந்து வைப்பதும், கொடிக்காய் விதைகளைச் சாண வறட்டியில் பதித்து உலர்த்துவதும் நம் முன்னோர் வழக்கம். ஈரமும் வண்டும் அண்டாமல் இருக்கவே அவ்வாறு செய்தார்கள். இன்று காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில், ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் தக்காளி விதை நான்கு ஆண்டுக்குக் குறையாமல் முளைப்புத்திறனோடு இருக்கும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டுவது கடினம்.

நாம் எடுத்த விதையைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர்கள் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் பகிரவும் விற்கவும் உள்ள உரிமையைக் காக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்ட பொட்டலமாக விற்கத்தான் தடை.

ஹைட்ரோபோனிக்ஸ் என்பது என்ன? மிக எளிய முறை எது?

மண்ணில்லாமல், செடிக்குத் தேவையான தாதுக்கள் கரைந்த நீரில் வேரை வளர்ப்பதே அது. 1929-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வில்லியம் கெரிக் என்ற ஆய்வாளர் தக்காளியை இவ்வாறு பெரிய அளவில் வளர்த்துக் காட்டியதிலிருந்து இது ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்தது.

வீட்டுக்கு ஏற்ற எளிய முறை ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்தது. இதற்கு மோட்டாரும் மின்சாரமும் வேண்டாம். ஒரு லெட்யூஸ் செடிக்குச் சுமார் 4 லிட்டர் கொள்ளும் மூடியுள்ள டப்பாவை எடுத்து, மூடியில் துளையிட்டு, செடியைத் தாங்கும், வலைபோல் ஓட்டைகளுள்ள சிறு வலைத்தொட்டியைப் பொருத்தி, அதன் அடி மட்டும் கரைசலைத் தொடும்படி ஊற்ற வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உருவாகும் ஈரக்காற்று வெளியில் வேரின் மேற்பகுதி மூச்சுவிடும், அடிப்பகுதி உணவெடுக்கும். பலர் செய்யும் தவறு, மட்டம் இறங்கியதைக் கண்டு டப்பாவை மீண்டும் விளிம்புவரை நிரப்புவது. அப்போது காற்று வேர்கள் மூழ்கிச் செடி வாடிவிடும். டப்பாவுக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் கறுப்புத் தாளோ துணியோ சுற்றி, வெப்பம் ஏறாமல் அதன்மேல் வெள்ளை நிறம் வருமாறு செய்ய வேண்டும்.

குழாய்களில் நீரைச் சுழலவிடும் முறை அழகாக இருக்கும். ஆனால் கோடையில் மின்சாரம் இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் குழாயில் நீர் வற்றி வேர் காய்ந்துவிடும். மாற்று மின்வசதி இல்லாதவர்கள் அதை முதலில் வாங்க வேண்டாம்.

எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது? அளவுகளை எப்படிப் பார்ப்பது?

நீரில் வளர்ப்பு வெற்றி பெறுவதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். கரைசலில் எவ்வளவு உப்பு கரைந்துள்ளது என்பதை அதன் மின்கடத்துதிறன், அதாவது ஈ.சி., காட்டும். லெட்யூஸுக்கு அது 0.8 முதல் 1.6 mS/cm வரை இருக்கலாம். நம் வெப்பத்தில் 1.0-ஐ ஒட்டி வைப்பது நல்லது. நீரில் கரைந்த உப்பை அளக்கச் சந்தையில் கிடைக்கும் டி.டி.எஸ். மானிகளில் அது ஏறக்குறைய 500 என்று காட்டும். இப்போது உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள். அதுவே 800 காட்டினால், செடிக்கு உணவு சேர்ப்பதற்கு முன்பே உப்பு நிரம்பிவிட்டது என்று பொருள். அந்த உப்பில் செடிக்குப் பயன்படாத சோடியமும் குளோரைடும் கணிசமாக இருக்கும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீர் இதனினும் உப்பு மிக்கது. அதை ஹைட்ரோபோனிக்ஸுக்கு எடுக்கவே கூடாது.

மிகச் சிறந்தது மழைநீர். லெட்யூஸ் பருவமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருவது நமக்கு வாய்த்த நன்மை. முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைகளின் நீரை மூடிய பீப்பாயில் பிடித்துவைத்தால் அந்தப் பருவத்துக்குப் போதும்.

கரைசலின் அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். ஊட்டச்சத்து இரண்டு பொட்டலமாக வருவதற்குக் காரணம் உண்டு: கால்சியம் நைட்ரேட்டின் அடர்கரைசலைச் சல்ஃபேட், பாஸ்ஃபேட் உப்புகளோடு நேரடியாகச் சேர்த்தால் வெண்படிவாக இறுகிவிடும். முதல் பொட்டலத்தை முழு அளவு நீரில் கரைத்த பிறகே இரண்டாவதைச் சேர்க்க வேண்டும்.

ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலுக்குப் பதிலாகப் பஞ்சகவ்யமோ மீன் அமிலமோ ஊற்றலாமா?

வேண்டாம். இவற்றில் உள்ள சத்துக்களை வேர் எடுக்கும் வடிவத்துக்கு மாற்ற மண்ணின் நுண்ணுயிர்கள் தேவை. மண்ணற்ற டப்பாவில் இந்தக் கரைசல்கள் அழுகி, நீரின் உயிர்க்காற்றைத் தின்று, வேரைக் கெடுக்கும். மண்ணில் வளர்க்கும்போது இவற்றுக்கு உரிய இடம் உண்டு.

வேர் பழுப்பாகி வழுவழுப்பாகிறது. கொசுத் தொல்லையும் வருகிறது. என்ன செய்ய?

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. வேருக்கு மூச்சு முட்டும் அதே வெப்பத்தில் வேரழுகல் பூஞ்சணம் செழிக்கும். கரைசல் 25 டிகிரியைத் தாண்டாமல் இருக்க, டப்பாவை வெயில் படாத தரைமட்டத்தில் வைத்து இலைக்கு மட்டும் காலை வெயில் கிடைக்கச் செய்யலாம். சித்திரை, வைகாசியில் நீர்முறையை நிறுத்திவைப்பதே அறிவுடைமை.

கொசு விஷயத்தில் சிறிதும் அலட்சியம் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேக்க நீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும். வலைத்தொட்டிக்கும் மூடிக்கும் இடையே உள்ள இடுக்கு, காற்றுத்துளை, மழைநீர்ப் பீப்பாயின் வாய் என ஒவ்வொன்றையும் நெருங்கிய கொசுவலையால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பாரம்பரிய ரகங்களை நீரில் வளர்க்கலாமா? அதில் விளைந்தது உடலுக்குக் கெடுதலா?

லெட்யூஸின் பாரம்பரிய ரகங்கள் நீரில் மிக நன்றாக வரும். தக்காளியும் வெள்ளரியும் வரும் என்றாலும் அவற்றுக்கு ஈ.சி. இருமடங்குக்கு மேல் வேண்டும், நாளும் பல லிட்டர் நீர் குடிக்கும், பெரிய தொட்டியும் பந்தலும் தேவைப்படும். இலைக்கு நீரும், காய்க்கும் விதைக்கும் மண்ணும் என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். செடி தன் ஆயுள் முழுவதையும், அந்த ஊரின் மண்ணோடும் வெயிலோடும் பழகி முடித்துத் தரும் விதையே அடுத்த ஆண்டு அதே மாடிக்குத் தாங்கும்.

கெடுதல் என்று அஞ்சத் தேவையில்லை. மண்ணிலும் செடி எடுப்பது அதே தாது அயனிகளைத்தான். ஒன்றை மட்டும் கவனிக்கலாம். வெளிச்சம் குறைந்த இடத்தில் வளரும் இலைகளில் நைட்ரேட் தேங்கும். செடிக்கு நல்ல வெளிச்சம் தந்து, பிற்பகலில் பறித்தால் அது குறையும்.

பூச்சிகளை எப்படிக் கட்டுப்படுத்துவது?

அசுவினியை நீரை வேகமாகப் பீய்ச்சியே விரட்டலாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி. மாவுப்பூச்சி, இலைப்பேன் வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். சாலட் இலையில் தெளித்தால் ஒரு வாரமாவது விட்டுப் பறியுங்கள். வேம்பின் கசப்பு எளிதில் போகாது. அணிலும் கிளியும் தக்காளியைத் தேடி வருவது கோடையில் தாகத்துக்காகவும்தான். காய்க்கு வலைப்பை, அவற்றுக்குத் தனியே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் என இரண்டும் வைத்தால் சேதம் குறையும்.

பச்சையாக உண்பதால் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?

சமைக்கும்போது சூட்டில் அழியும் கிருமிகள் சாலட்டில் அழிவதில்லை. இயற்கை வேளாண்மையில் ஆர்வமுள்ள நண்பர்கள் இதைக் கேட்டு வருந்தக்கூடும். ஆனால் சாணமும் கோமியமும் கலந்த கரைசல்களை, அப்படியே மெல்லப்போகும் இலைமீது தெளிப்பதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகளே, மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு மக்காத எருவை அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பே இட்டுவிட வேண்டும் என்கின்றன. அதாவது 40 நாள் முள்ளங்கிக்கும் 50 நாள் லெட்யூஸுக்கும் பசுஞ்சாணக் கரைசலுக்கு இடமே இல்லை. முழுமையாக மக்கிய உரத்தை நடவுக்கு முன் மண்ணில் கலந்துவிடுங்கள். வளரும் காலத்தில் நீரை இலையில் ஊற்றாமல் வேரடியில் விடுங்கள். இளஞ்சிவப்பு, பச்சை நிறம் பூசிய கடை விதைகள் பூஞ்சணக்கொல்லி ஏற்றப்பட்டவை; அவற்றை முளைத்த சில நாட்களிலேயே பறிக்கும் இளந்தளிராக (மைக்ரோகிரீன்) வளர்த்து உண்ணவே கூடாது.

எப்போது பறிப்பது, எப்படி வைத்திருப்பது?

மொறுமொறுப்பு வேண்டுமானால் விடியற்காலை. முன்சொன்ன நைட்ரேட் குறைய வேண்டுமானால் பிற்பகல். வெளிச்சம் நிறைந்த மாடியில் காலையிலேயே பறிக்கலாம். ஜன்னலோரத்தில் வளர்ப்போர் பிற்பகலைத் தேர்ந்தெடுக்கட்டும். லெட்யூஸில் வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் நடுக்குருத்து தொடர்ந்து தரும். வெள்ளரியைப் பிஞ்சாகவே பறிக்க வேண்டும். ஒரு காயை முற்றவிட்டால் கொடி புதிய பிஞ்சுகளைக் குறைத்துக்கொள்ளும், எனவே விதைக்காய் விடுவதைப் பருவத்தின் கடைசிக்கு ஒத்திவையுங்கள். பறித்த இலைகளை ஓடும் நீரில் கழுவி, ஈரம் போக உதறி, உலர்ந்த துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கைந்து நாள் வாடாமல் இருக்கும். தக்காளியை மட்டும் வெளியிலேயே வையுங்கள். குளிரில் அதன் மணம் போய்விடும்.